பாப்பாவுக்கு, கல் தோண்டப் போன கதை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்தில் நான் சொல்ல வந்தது பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. 64 வயசில், முட்டி வலியை வைத்துக்கொண்டு, 14 கிலோ கல்லை மூட்டை கட்டித் தூக்கி வந்திருக்கிறேன், அதுவும் குஜராத்தில், பருச்சில் ஒரு கல்யாணம் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு. ஆமாம், பொய்தான். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. உங்கம்மாவுக்கு முதலிலேயே தெரியும், அவள்தான் புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்பினாள், இப்போது உன்னிடம் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன், எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

ஏன் போனேன் என்று கேட்டாய். நம்ம ஊர்ப்பக்கம், சென்னிமலையைத் தாண்டி நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறதே, சின்ன வயசில் எங்க அத்தை வீட்டுக்குப் போனால் மழை விட்ட மறுநாள் பையன்கள் எல்லாம் காட்டில் குனிந்தபடியே நடப்போம். செம்மண்ணைத் தண்ணீர் அரித்துப் போன இடத்தில் சிவப்பாய், ஓட்டை போட்ட மணி ஏதாவது கிடைக்கும். குன்றிமணி அளவுதான். அதை நூலில் கோத்து எருமைக் கன்றுக்குக் கட்டியிருக்கிறோம், அவ்வளவு விவரம் எங்களுக்கு. 1985-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே தோண்ட ஆரம்பித்த பிறகுதான் அது ரெண்டாயிரம் வருஷத்து மணிப்பட்டறை என்று தெரிந்தது, அதற்குள் நான் பம்பாய் வந்து லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சிவப்புக் கல்தான் சூதுபவளம். அந்தக் கல் நம்ம ஊரில் விளைவதில்லை, குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். நாற்பது வருஷம் நானோ அந்தப் பக்கத்திலேயே குடியிருந்துவிட்டு, கல் வந்த ஊரை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

கூட வேலை பார்த்த பருச் பக்கத்துக்காரர் ஒருவர், நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய், டப்பா நிறைய தேப்லா கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பாரே, அவருடைய உறவுக்காரர்களுக்கு ஜகடியா தாலுகாவில் நிலம் இருக்கிறது. தீபாவளி முடிந்து ரெண்டாவது வாரம், போரிவிலியில் விடிகாலை வண்டி ஏறி அங்கலேஷ்வரில் இறங்கினோம். அங்கிருந்து ராஜ்பிப்ளா போகிற வழியில் ஜீப்பில் போனால் ரத்தன்பூர். பேரிலேயே ரத்தினம் இருக்கிறது, ஊரைப் பார்த்தால் அப்படித் தெரியாது, புதர்க்காடும் செம்மண் மேடும்தான். மேலே குன்றில் பாவா கோர் தர்கா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அகேட் வியாபாரம் செய்த பெரியவர் என்று சொல்கிறார்கள், அகேட் என்றால் நம்ம சூதுபவளத்தின் இனத்துக் கல்தான். ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர்களான சித்தி மக்கள் கும்பிடுகிற இடம். கல் வேலைக்காரர்களுக்கும் அவர்தான் காவல். நானும் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினேன், யாராக இருந்தால் என்ன, தொழில் சாமி.

நீ பயப்பட்ட மாதிரி நான் குழிக்குள் இறங்கவே இல்லை. அங்கே கிணறு மாதிரி நேராக வெட்டிக் கீழே போய், கூழாங்கல் படுகையைத் தொட்டதும் பக்கவாட்டில் குடைந்து எடுப்பார்கள். அதெல்லாம் அந்த ஊர் ஆட்களின் வேலை. நாங்கள் கேட்டு வாங்கிய அனுமதி, பழைய குழிகளிலிருந்து வாரிப் போட்ட மண்மேட்டைக் கிளறிக்கொள்ள மட்டும். ஒரு களைக்கொத்து, ஒரு சின்னச் சுத்தியல், கண்ணாடி, பாட்டிலில் தண்ணீர். மழை கழுவிவிட்டுப் போன மேடு என்பதால் முதல் அரை மணியிலேயே கை நிறையக் கல். நானும் பளபளவென்று இருந்ததாகப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நிலத்துக்காரப் பெரியவர் வந்து பையைக் கவிழ்த்தார், ஒவ்வொன்றாய் எடுத்துத் தூர எறிந்தார். அப்புறம் உருளைக்கிழங்கு மாதிரி, பழுப்பு நிறத்தில், தோல் சொரசொரத்த ஒன்றை எடுத்து அதன் மூக்கில் சுத்தியலால் ஒரே தட்டு. நகம் அளவு ஒரு சில்லு தெறித்தது. உடைந்த இடம் பாட்டில் அடிக் கண்ணாடி உடைந்த மாதிரி வழவழவென்று வளைந்திருந்தது. நாக்கில் தொட்டு ஈரம் பண்ணி வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார், ஓரத்தில் தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவியது, உள்ளே மயிரிழை மயிரிழையாய் வளையம். எனக்கு கை நடுங்கிவிட்டது போ.

அந்த வளையம் எப்படி வருகிறது என்று உனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், அந்தேரி கில்பர்ட் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, நீ ஐஸ்கிரீம் கேட்டு அழுததால் கேட்டிருக்க மாட்டாய். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் முழுக்க எரிமலைக் குழம்பு ஓடியது, நம்ம பம்பாயும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இறுகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயு, இட்லியில் இருக்குமே ஓட்டை, அந்த மாதிரி ஓட்டைகளை விட்டுவிட்டது. சிலிக்கா கரைந்த தண்ணீர் அதற்குள் கசிந்து கசிந்து, சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி ஒரு பூச்சு, அது மேல் இன்னொரு பூச்சு. பாறை மக்கிப்போன பிறகும் கல் மக்கவில்லை, ஆறு உருட்டிக்கொண்டு வந்து ரத்தன்பூரில் போட்டுவிட்டது. கத்தியால் கீறினால் கத்திதான் தேயும்.

அடுத்த நாள் கம்பாத் போனோம். ரத்தன்பூர்க் கல் காலங்காலமாகப் போய்ச் சேருகிற ஊர். ஒரு சந்து வீட்டில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் பார்த்தேன். தரையில் கூரான இரும்புக் கம்பி ஒன்றைச் சாய்வாக நட்டு வைத்திருக்கிறார்கள். கல்லை அதன் முனையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, எருமைக் கொம்பில் செய்த சுத்தியலால் மேலிருந்து தட்டுகிறார் ஒருவர். அடி படுவது மேலே, சில்லு தெறிப்பது கம்பி தொட்ட பக்கத்தில். கொம்புதான், இரும்பு இல்லை. முப்பது வருஷம் மெஷின் ஷாப்பில் கிடந்த எனக்கு அந்தத் தட்டு ஒன்றுகூட சரியாக வரவில்லை, என் கையில் கல் ரெண்டாகப் போனது, அவர்கள் சிரித்தார்கள்.

இப்போது உன்னிடம் மறைத்த இன்னொன்று.

அந்த வீட்டு வாசல் கட்டிலில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். முன்பு சாணைச் சக்கரத்தில் கல் தேய்த்தவராம். நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்கினார், எழுந்து திண்ணை ஏறுவதற்கு மருமகள் கை கொடுத்தாள். கல்தூசி நுரையீரலில் போய்த் தங்கித் தழும்பாகிவிடுகிறது, சிலிகோசிஸ் என்று பெயர், வந்தால் போகாது, அந்த ஊரில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த வியாதி. வாசலில் ஒரு கொய்யா மரம் நின்றது. இலை மேலெல்லாம் கோதுமை மாவு தெளித்த மாதிரி வெள்ளை.

நம்ம வீட்டுக் காலரியில், அதான் பால்கனியில், இருக்கிற துளசி இலையிலும் அதே வெள்ளை இருந்தது பாப்பா. மே மாதம் நாசிக் பக்கம் பொறுக்கி வந்த கற்களை வைத்துக்கொண்டு செப்டம்பர், அக்டோபர் ரெண்டு மாசம் நான் காலரியில் ஆங்கிள் கிரைண்டரால் காய்ந்தபடியே அறுத்துக்கொண்டிருந்தேன். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதும் என்று நினைத்தேன், கர்ச்சீப் அந்தத் தூசியை என்ன நிறுத்தும்! இருமல் வந்தபோது செம்பூர்க் காற்று என்று சொல்லி உங்கம்மாவை ஏமாற்றினேன். வண்டியில் திரும்பும்போது அந்தக் கொய்யா இலைதான் கண் முன்னால். வந்த மறுநாளே போய் எக்ஸ்ரே எடுத்தேன், நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், படத்தை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிள் கிரைண்டரை வாட்ச்மேனின் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது எல்லாமே தண்ணீரில்தான், பிளேடு மேல் டிரிப் ஊற்றிக்கொண்டே இருக்கும், தூசி எல்லாம் சேறாக இறங்கிவிடும், போதாததற்கு முகத்தில் சரியான மாஸ்க்.

கல்லை உருட்டித் தேய்க்கிற மெஷின் எது தெரியுமா? உங்கம்மா ஓரங்கட்டிய பழைய மாவு கிரைண்டர் மோட்டார். அதில் ரெண்டு ரோலர் வைத்து, மேலே ரப்பர் உள்பூச்சு கொடுத்த பைப் டப்பா. உள்ளே கல், தண்ணீர், நாக்தேவி தெருவில் வாங்கிய சிலிக்கான் கார்பைடு தூள். இரவும் பகலும் உருள வேண்டும், ஒரு தூளுக்கு ஒரு வாரம், முரட்டுத் தூளில் ஆரம்பித்து மைதா மாதிரி நைசு வரைக்கும், கடைசியில் பளபளப்பு ஏற்ற சீரியம் ஆக்சைடு. மாடி வீட்டு மாமி ரெண்டு நாள் பொறுத்தாள், மூணாம் நாள் சொசைட்டிக்குக் கம்ப்ளெயிண்ட். அடியில் பழைய யோகா மேட்டை மடித்துப் போட்டேன், உன்னுடையதுதான், இப்போது சத்தம் இல்லை.

தப்பு பண்ணாமல் இல்லை. முதல் தடவை டப்பாவில் நாசிக் பக்கத்து வெள்ளைக் கல் ரெண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டேன், அது மெத்துக் கல், வாரக் கடைசியில் காணவே காணோம், கரைந்து பாலாகிக் கிடந்தது. அந்தப் பாலை சமையலறை சிங்கில் ஊற்றினேன். அது சிமெண்ட் மாதிரி இறுகும் என்று யாருக்குத் தெரியும்? பிளம்பர் பைப்பையே அறுத்து எடுத்தார், 1,800 ரூபாய். இப்போது பக்கெட்டில் தெளிய வைத்து, சேற்றைக் கட்டிக் குப்பையில் போடுகிறேன். அப்புறம் அந்த மண்சட்டி. பழுப்புக் கல் சிவப்பாவது நெருப்பில்தான், உள்ளே இருக்கிற இரும்பு சூட்டில் நிறம் மாறுகிறது. கம்பாத்தில் மாசக்கணக்கில் வெயிலில் காய வைத்த பிறகு பானையில் அடுக்கி, எருவாட்டி மூட்டத்தில் மெதுவாகச் சுடுகிறார்கள். நான் மூணு நாள் காய வைத்துவிட்டு உங்கம்மாவின் மீன் குழம்புச் சட்டியில் மணலோடு போட்டு கேஸில் ஏற்றினேன். படார். கல்லும் போச்சு, சட்டியும் போச்சு. அதைப் பற்றி உங்கம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை, உன்னிடம் சொன்னது இந்தக் கோபத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் பெரியவர் மூக்குத் தட்டிக் காட்டிய அந்தக் கல்லை நான் டப்பாவில் போடவில்லை. அதைத் தனியாக அறுத்தேன், பிளேடு போய் முடிக்க நாற்பது நிமிஷம். ஒரு வில்லையை எடுத்து, அரக்கை உருக்கி ஆணித் தலையில் ஒட்டி, சக்கரத்தில் பிடித்து மேல்பக்கத்தை உருட்டிக் குவியலாக எடுத்தேன். இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, ஈரமாக இருக்கும்போது கல் பளபளவென்று மயக்கும், கீறலே தெரியாது. துடைத்துக் காய விட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் அப்போதுதான் பழைய தூளின் கோடு ஒன்று குறுக்கே ஓடும். திரும்ப ரெண்டு படி பின்னால் போக வேண்டும். நான் மூணு தடவை போனேன். கையைச் சரியாகக் கழுவாமல் நைசுத் தூளுக்குப் போனதுதான் காரணம், ஒரே ஒரு முரட்டு மணல் நகக்கண்ணில் இருந்திருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜெர்மனியில் நீ இருக்கிற மைன்ஸ் ஊரிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை, அதே மாநிலத்தில் இடார்-ஓபர்ஸ்டைன் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக அகேட் இருந்தது, தீர்ந்த பிறகு பிரேசிலிலிருந்து கொண்டு வந்து அறுத்தார்கள். ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற, ஆள் உயரத்து மணற்கல் சக்கரங்கள், அதன் முன்னால் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு உடம்பு பாரத்தையே கொடுத்துக் கல்லை அழுத்தித் தேய்ப்பார்களாம். பழைய ஆலை ஒன்றை இன்னும் காட்டுவதற்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. கடைகளில் நேரத்தைச் செலவழிக்காதே. சக்கரத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, பலகைக்கு மார்புப் பக்கம் என்ன வளைவு, கால் எதில் உதைத்து நிற்கிறது, இதை மட்டும் கிட்டே போய் வீடியோ எடுத்து அனுப்பு. உன் முகத்தை நடுவில் வைத்து எடுக்காதே.

உனக்கான கல் முடிந்துவிட்டது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஓரத்தில் தேன், நடுவில் சாம்பல், ஒரே ஒரு வெள்ளைக் கோடு. சங்கிலிக்கு மேலே ஓட்டை போட்டால் நேராகத் தொங்கும், ஆனால் ஓட்டை அந்த வெள்ளைக் கோட்டுக்குக் கிட்டே வரும், விரிசல் விட்டாலும் விடும். இல்லை, மாட்டுங்காவில் கொடுத்து வெள்ளியில் கட்டு கட்டிவிடலாம், அப்போது ஓரத்துத் தேன் நிறம் கொஞ்சம் மறையும். உங்கம்மா மார்ச்சில் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும், எது என்று மெசேஜ் போடு. போனில் வேண்டாம்.

அப்பா