கறுப்பு வர்ணமும் ஒரு கண்ணாடித் துண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சஞ்சிகையின் சென்ற இதழில், ராடாருக்குத் தப்பும் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் வாசித்தேன். எனினும், விசேட கறுப்பு வர்ணம் பூசப்படுவதால் அவ்விமானங்கள் ராடாருக்கு அறவே தெரிவதில்லை என்று அதில் எழுதப்பட்டிருப்பது, உயர்தர வகுப்பில் நீண்டகாலம் பௌதிகவியல் கற்பித்த என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

வகுப்பில் இதற்கு ஒரு பரிசோதனை செய்து காட்டுவேன். ஆய்வுகூட யன்னல்களை அடைத்து, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றை மேசையில் சாய்த்து வைத்து, பக்கத்திலே துவிச்சக்கர வண்டியின் பின்புறச் சிவப்பு வில்லையையும் வைத்து, மாணவன் ஒருவனிடம் ரோச் லைற்றைக் கொடுப்பேன். வில்லையைச் சற்று அப்படி இப்படித் திருப்பினாலும் அது பளிச்சென்று மின்னும். அதைவிடப் பளபளப்பான கண்ணாடியோ கறுத்துக் கிடக்கும். அதில் பட்ட ஒளி கூரைக்குப் போயிருக்கும். ராடாரும், தான் அனுப்பிய அலை தெறித்துத் தன்னிடமே திரும்பினால்தான் பொருளைக் காணும் என்பதால், அலையை வேறு திசைக்கு அனுப்பிவிடுவதே விமானத்தை வடிவமைப்பவரின் முதல் வேலை. சிவப்பு வில்லைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு செங்கோண மூலைகள் ஒளியை வந்த வழியே திருப்புகின்றன. சாதாரண விமானத்தில் நிமிர்ந்த வாலும் கிடையான இறக்கையும் சந்திக்கும் இடமும் அத்தகைய மூலைதான். அமெரிக்காவின் பி-2 விமானத்துக்கு வாலே கிடையாது. எஞ்சின்கள் உடலுக்குள் புதைந்திருக்கின்றன, குண்டுகளும் வயிற்றுக்குள்ளேயே.

வடிவங்களின் விளிம்புகளில் அலை எவ்வாறு சிதறும் என்பதைக் கணிக்க வழிகாட்டியவர் சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ட்செவ். 1962இல் அவர் வெளியிட்ட ஆய்வை அமெரிக்கர்கள்தாம் முதலில் விமானமாக்கினார்கள். 1981இல் பறந்த எஃப்-117, பலகைகளை ஒட்டிச் செய்தது போலக் கோணல்மாணலாக இருந்ததற்கு, வளைந்த மேற்பரப்புகளைக் கணிக்க அக்காலக் கணினிகளுக்கு வலு போதாமையே காரணம். 1989இல் பறந்த பி-2 வழுவழுப்பான வளைவுகளோடு வந்தது.

வர்ணத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அலையின் சக்தியை உறிஞ்சி வெப்பமாக்கும் பூச்சுகள் உண்டு. ஆனால் அவை வடிவத்தால் தீராத மிச்சத்தைத் தீர்ப்பவை. பி-2இன் பூச்சைக் காக்க வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கொட்டகை வேண்டும். கல்லடியின் உப்புக்காற்றில் எங்கள் வீட்டு இரும்புக் கேற்றுக்குப் பூசும் பெயின்ற் இரண்டு மாரிகூடத் தாங்குவதில்லை.

"அறவே தெரிவதில்லை" என்பது இதைவிடப் பெரிய பிழை. அலை போகும்போதும் மெலிகிறது, திரும்பும்போதும் மெலிகிறது; ஆகவே தெறிப்புப் பரப்பை, அதாவது விமானம் ராடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதன் அளவை, பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாலும், கண்டுபிடிக்கப்படும் தூரம் பத்தில் ஒன்றாகவே குறையும். 400 கிலோமீற்றரில் அகப்பட்டிருக்க வேண்டிய விமானம் 40 கிலோமீற்றரில் அகப்படும். அந்த இடைவெளிக்குள் ராடார்களைச் சுற்றிக்கொண்டு போவதுதான் விமானியின் சாமர்த்தியம். மேலும், அலைநீளம் மீற்றர் கணக்கில் இருக்கும் பழைய வகை ராடார்களிடம் இந்த வடிவ வித்தை அவ்வளவாகச் செல்லாது. 1999 மார்ச் 27 இரவு சேர்பியாவில் எஃப்-117 ஒன்றை வீழ்த்திய படைப்பிரிவு, அத்தகைய ராடாரையும் சோவியத் காலத்து எஸ்-125 ஏவுகணையையுமே வைத்திருந்தது.

ராடார் மட்டுமே எதிரியும் அன்று. யுத்த காலத்தில் இலங்கை விமானப்படையின் கிபிர் போர் விமானம் தலைக்கு மேலே பறந்த நாட்களில், பங்கருக்குள் இருந்த எங்களுக்குக் காதே போதுமாக இருந்தது. பி-2இல் எஞ்சின் புகை இறக்கையின் மேற்புறமாக வெளியேறுவது, வெப்பத்தைக் கீழிருப்பவர்களிடமிருந்து மறைப்பதற்காகவே.

கடைசியாக, கட்டுரையுடன் வந்த படத்தின் கீழே "பி-2" என்று அச்சாகியிருக்கிறது. படத்திலிருப்பது எஃப்-117. வால் இருப்பதைப் பார்த்தாலே தெரியும். அடுத்த இதழில் திருத்தி வெளியிடுவீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.