வைரம் கேட்டது மோதிரத்துக்கு அல்ல

கொள்வனவுக் குழுவின் மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கதிர்வீச்சை அளக்கும் வைர உணரி ஒன்றுக்காக எங்கள் ஆய்வுகூடம் அனுப்பிய விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. போன முறை 'ஆடம்பரப் பொருள்' என்றீர்கள். இந்த முறை இரத்தினக்கல் மதிப்பீட்டாளரின் சான்றிதழும், இரும்புப் பெட்டகம் இருக்கிறது என்ற உறுதிமொழியும் கேட்டிருக்கிறீர்கள். முன்கதை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

நாங்கள் கேட்டது சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு சில்லு. மீதேன், ஐதரசன் வாயுக்களைப் பிளாஸ்மாவாக்கி அதில் படலம் படலமாக வளர்த்தெடுப்பது. இரண்டு பக்கமும் உலோகப் பூச்சு, ஒரு கம்பி, அவ்வளவுதான். காதில் போட்டுக்கொண்டு போனாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதை ஆய்வுகூடக் கருவியாகப் பதிந்து அனுமதி தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்போது எங்களிடம் இருப்பது சிலிக்கன் உணரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் கரண்ட் போனால், யூபிஎஸ்ஸில் கருவி ஓடும், ஏசி ஓடாது. கதிர்வீசும் பொருளை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகும், கதிர் படாமலே உணரியில் ஓடும் கசிவு மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். 8 பாகை அளவில் சூடு கூடினாலே அது இரட்டிப்பாகிவிடும். அதனால் பிள்ளைகள் விடியற்காலையில் வந்து அளவெடுக்கிறார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, அளவெடுத்து முடியும்வரை வாசற்படியில் குந்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவருக்கு வயல். இதற்கும் ஒரு படிவம் இருந்தால் அனுப்பிவையுங்கள், நிரப்பித் தருகிறோம்.

வைரத்தில் இந்தத் தொல்லை இல்லை. இலத்திரன் ஒன்று பிணைப்பிலிருந்து விடுபட்டு ஓடத் தேவையான சக்திக்குச் சக்தி இடைவெளி என்று பெயர். சிலிக்கனில் அது 1.1 இலத்திரன் வோல்ற்று, வைரத்தினது ஏறத்தாழ 5.5. எங்கள் ஊர் வெயிலுக்கெல்லாம் அதில் இலத்திரன்கள் தாமாகக் கிளம்பமாட்டா. காபன் அணுக்கள் இறுகப் பிணைந்திருப்பதால் கதிர்வீச்சு அடித்தாலும் இலகுவில் இடம்பெயரா. ஐரோப்பாவின் சேர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில் ஆர்டி42 என்ற குழு 1994 முதல் இதை ஆராய்ந்தது. அங்கே துகள் கற்றைகளை மோதவிடும் பெரிய ஹாட்ரன் மோதுவியில், கதிர்வீச்சு கடுமையான கற்றைக் குழாயின் அருகே, கற்றை பிசகுகிறதா என்று காவல் இருப்பதும் வைர உணரிகள்தான். புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒடுங்கிய கதிர்க்கற்றைகளை அளக்கவும் இதை வாங்குகிறார்கள். குறையும் உண்டு. ஒரு சோடி மின்னேற்றத்தை உண்டாக்க சிலிக்கனுக்கு 3.6 இலத்திரன் வோல்ற்று போதும், வைரத்துக்கு 13 வேண்டும். சமிக்ஞை சிறிதாகத்தான் வரும். அதைப் பெருக்கித் தரும் முன்விரியலாக்கியையும் விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்திலேயே கேட்டிருந்தோம். பக்கத்தைப் புரட்டினீர்களோ தெரியவில்லை.

மூன்று விலைமனு வேண்டுமாம். உலகத்திலேயே இதைச் செய்கிற கம்பனிகள் கொஞ்சம், அவற்றுக்கு மட்டக்களப்பு பஸார் வீதியில் கிளை இல்லை. தமிழில் எழுதினால் சிங்களத்தில் மட்டும் பதில் வருகிறது, வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. பிரமுகர் வருகிறார் என்றால் பந்தலுக்கும் மாலைக்கும் அன்றைக்கே கையொப்பம் விழுகிறது. சரி, அதை விடுவோம்.

டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய காசு திறைசேரிக்கே போய்விடும். அதற்குமுன் தயவுசெய்து வைர உணரியை ஆய்வுகூடக் கருவியாகப் பதிந்து கையொப்பமிடுங்கள். விளக்கம் தேவையென்றால் கூப்பிடுங்கள், கொழும்புக்கு வருகிறோம். இரத்தினக்கல் சான்றிதழை மட்டும் எங்களால் தர முடியாது.

தாழ்மையுடன்,
ஆய்வுகூடப் போதனாசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு