விசா வந்த கையோடு பங்கு அலுவலகம் போ

எசன், ஜெர்மனி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. ஆஸ்பத்திரி வேலைக்கு நீ இங்கே வருவதற்கான துணிமணி, மசாலாப்பொடி எல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். அம்மா கேட்டிருந்தாரே, அங்கே பூசையும் செபமும் எப்படி என்று, அதை எழுதித்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பாதி விஷயம் காகிதம் சம்பந்தப்பட்டது.

நம் ஊட்டி காந்தலில் ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் அன்பியத்திலிருந்து, அதாவது அக்கம்பக்கத்துச் செபக் குழுவிலிருந்து, யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். இங்கே யாரும் வரமாட்டார்கள். அரசாங்கம்தான் கேட்கும். வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பெயர் பதிய வேண்டும், ஆன்மெல்டுங் என்பார்கள். அந்தப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் வெறுமனே 'கிறிஸ்தவர்' என்று எழுதாதே. 'ரோமிஷ் கத்தோலிஷ்' என்று முழுதாக எழுது. கிறிஸ்தவர் என்றால் கவுண்டரில் இருப்பவர் 'எவாங்கேலிஷ்', அதாவது புராட்டஸ்டண்ட் என்று பதிந்துவிடக்கூடும், அல்லது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். பிறகு உன் பெயர் கத்தோலிக்கப் பங்குக்கு, அதாவது அந்த வட்டாரக் கோயிலுக்கு, போகாது.

அந்தக் கட்டத்தை வைத்துத்தான் சம்பளத்தில் கோயில் வரி பிடிப்பார்கள். சம்பளத்தில் ஒன்பது சதவீதம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. நாங்கள் இருக்கும் மாநிலத்தில் வருமான வரியில் 9 சதவீதம். மாதம் 300 யூரோ வருமான வரி பிடித்தால் கோயில் வரி 27 யூரோ. பவேரியாவிலும் பாடன் வுர்ட்டம்பர்கிலும் 8 சதவீதம், அங்கே அது 24 ஆகும். ஆண்டு வரிக்கணக்குக் கொடுக்கும்போது இதைக் கழித்துக் காட்டலாம்.

"மதம் இல்லை என்று போட்டுவிடு, காசு மிச்சம்" என்று யோசனை சொல்ல ஆள் நிறைய. கேட்காதே. ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் என்று பின்னால் தெரிந்தால் பழைய வரியையும் சேர்த்துக் கேட்கலாம். முறைப்படி அலுவலகத்தில் போய் 'விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டாலோ அதைவிடச் சிக்கல். 2012-ல் ஜெர்மன் ஆயர்கள் (பிஷப்புகள்) போட்ட ஆணைப்படி, அப்படி விலகியவர் குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவோ நன்மை (நற்கருணை) வாங்கவோ முடியாது, ஞானப்பெற்றோராக நிற்கவும் முடியாது. மரண ஆபத்து மட்டும் விதிவிலக்கு. பணத்தையும் திருவருட்சாதனத்தையும் இப்படி முடிச்சுப் போட்டது எனக்குப் பிடித்தமில்லை. ஆனாலும் விதி விதிதான், தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு.

அதனால் விசா கையில் இருக்கும்போதே பங்கு அலுவலகம் போய் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கு. ஆங்கிலத்தில் கேள். தமிழில் இருந்தால் இங்கே மொழிபெயர்ப்புக்குத் தண்டச் செலவு. முத்திரையும் ஃபாதர் கையெழுத்தும் பதிவேட்டு எண்ணும் இருக்கட்டும். ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் சடங்கு நடந்த நாள் அதிலேயே இல்லையென்றால் அதற்குத் தனிச் சான்று வாங்கு. இங்கே ஞானத்தாயாக நிற்க அது வேண்டும், 16 வயதும் நிறைந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் பெரிய தொல்லை பெயர்தான். பதிவேட்டில் புனிதர் பெயரோடு ஒரு பெயர், பள்ளிச் சான்றில் வேறு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஃபாதரிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்.

கல்யாணப் பேச்சு எழுந்தால் (அம்மா சிரிப்பது கேட்கிறது) இப்போது வாங்கும் சான்றிதழ் செல்லாது. கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்று கேட்பார்கள். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில்தான் திருமணம், குருப்பட்டம் எல்லாம் குறித்து வைப்பது வழக்கம். ஏற்கெனவே மணமானவரா என்பதை அதில்தான் பார்ப்பார்கள். ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசித்த சான்றும், ஊட்டி ஆயர் இல்லம் வழியாக வரும் காகிதங்களும் தனி. நாள் குறிக்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்து, ஞாயிறு பூசை. ஒரே ஃபாதர் மூன்று நான்கு கோயிலைப் பார்க்கிறார், அதனால் பூசை கோயில் மாறி மாறி நடக்கும். வாசல் அறிவிப்புப் பலகையை வாரா வாரம் பார். 'ஹைலிகே மெஸ்ஸே' அல்லது 'ஒய்காரிஸ்டி ஃபையர்' என்று இருந்தால் பூசை. 'வோர்ட் கோட்டஸ் ஃபையர்' என்றால் வாசகமும் செபமும் மட்டும். குரு இல்லாமல் பொதுநிலையினரே நடத்துவார்கள், சில இடத்தில் நன்மையும் கொடுப்பார்கள். நல்ல வழிபாடுதான், ஆனால் பூசை அல்ல. புதிதாக வருகிறவர்கள் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கோபுரத்தையும் மணியையும் பார்த்து நம் கோயில் என்று நுழைந்துவிடாதே, புராட்டஸ்டண்ட் கோயிலும் அப்படித்தான் இருக்கும். உள்ளே போனதும் கதவருகே தீர்த்தத் தொட்டி இருக்கிறதா, நற்கருணைப் பேழைப் பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார். 'ஆல்ட் கத்தோலிஷ்' என்று பலகை இருந்தால் அது ரோமோடு ஒன்றிப்பில் இல்லாத தனிச் சபை. பெயரில் கத்தோலிக்கம் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

செருப்பை வாசலில் கழற்ற வேண்டாம். தரையில் உட்காரவும் முடியாது. பாட்டுக்கு 'கோட்டஸ்லோப்' என்ற புத்தகம், 2013-ல் வந்த பதிப்பு. சுவரில் ஒளிரும் எண்தான் பாட்டு எண், பக்கத்தில் சின்னதாக வருவது சரணம். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் எந்த மறைமாவட்டப் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) பதிப்பு என்று பார்த்து வாங்கு. 700-க்கு மேல் வருபவை மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். எண் சரியாக இருக்கும், பாட்டு வேறாக இருக்கும். பூசையில் அமைதி வாழ்த்துச் சொல்ல நாம் கை கூப்புவோம், இங்கே கை குலுக்குவார்கள்.

உன் வேலையில் மாற்றி மாற்றி சனி, ஞாயிறு டியூட்டி வரும். சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடமைக்குச் சேரும், அதனால் முதலில் அதைப் பார். இரண்டும் முடியாமல் நோயாளியோடு நிற்க வேண்டி வந்தால் பாவம் என்று மனதைப் போட்டு உழப்பாதே. நோயாளியைப் பராமரிப்பது திருச்சபையே ஏற்கும் காரணம். செல்போனில் பூசை பார்ப்பதை அதற்கு ஈடாக எண்ணாதே, பாவசங்கீர்த்தனத்தைப் போனில் செய்யவே முடியாது. ஜெர்மன் வரும்வரை ஆங்கிலம் தெரிந்த ஃபாதரைத் தேடு. நம் பக்கத்துக் குருக்களும் கேரளத்துக் குருக்களும் இங்கே பங்குகளில் இருக்கிறார்கள். பெரிய வெள்ளி அரசு விடுமுறைதான், ஆனால் வார்டுக்கு விடுமுறை கிடையாது. டியூட்டி பட்டியல் போடுவதற்கு முன்பே சொல்லி வை, போட்ட பிறகு மாற்றக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை மூன்றாக்குவார்கள். சுவர்க் கடிகாரத்தை நம்பினால் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது போய் நிற்பாய். வீட்டு செபமாலை நேரமும் அதோடு மாறும்: நம் ஊர் மாலை 7 மணி, குளிர்காலத்தில் இங்கே பிற்பகல் 2.30, கோடையில் 3.30. காலை டியூட்டி வாரத்தில் போனில் சேர்ந்துகொள்ளலாம், மதிய டியூட்டி வாரத்தில் முடியாது. இங்கே கோயிலில் செபமாலை சொல்லும்போது மறையுண்மையை, அதாவது தியானிக்கும் இயேசு, மாதா வாழ்வின் நிகழ்ச்சியை, மாலையின் பத்து மணிகளை உருட்டும் முன் ஒரு தடவை சொல்லிவிட்டு விடமாட்டார்கள். ஒவ்வொரு அருள்நிறை மந்திரத்திலும் இயேசு பெயருக்கு அடுத்து அதைச் செருகுவார்கள். முதல் நாள் தடுமாறும்.

வார்டில் ஒன்று முக்கியம். இறக்கும் தறுவாயில் இருப்பவர் வீட்டார் குருவைக் கேட்டால், ஆஸ்பத்திரி ஆன்மிகப் பணியாளரைக் கூப்பிடும்போது 'கத்தோலிக்கக் குரு வேண்டும்' என்றே சொல். அந்தப் பணியில் பொதுநிலையினர் நிறைய; செபிப்பார்கள், நன்மை கொடுப்பார்கள், ஆனால் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்கக் குருவால் மட்டுமே முடியும். பிரசவ வார்டில் பிள்ளை பிழைக்காது என்ற நிலையில் பெற்றோர் கேட்டால் நீயே ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பெயரைச் சொல்லி, 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்றால் போதும். பிறகு பங்குக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்.

அறையில் சாம்பிராணி போடாதே. கூரையில் புகை அலாரம் இருக்கிறது, மொத்த விடுதியும் படியிறங்கி வந்துவிடும். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு ஆணி அடிக்காமல் ஒட்டுக் கொக்கி போடு, மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வை.

ஒருசந்தி நாள் நம் ஊரைப் போலவே சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 முதல் 59 வயது வரை ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரண்டும் கொஞ்சமாக. 14 வயதிலிருந்து சுத்தபோசனம், அதாவது இறைச்சி கிடையாது. கேன்டீனில் வெள்ளிக்கிழமை பெரும்பாலும் மீன்தான். பருப்பு சூப்பைப் பார்த்து ஏமாறாதே. நம் மைசூர்ப் பருப்பு மாதிரியே இருக்கும், கரண்டியை விட்டுக் கிளறினால் அடியில் 'ஷ்பெக்', பன்றிக் கொழுப்புத் துண்டு கிடக்கும். கேட்டு வாங்கு.

குருத்து ஞாயிறுக்குக் கீழே சமவெளியிலிருந்து ஓலை வரவேண்டும் என்ற கவலை இங்கே இல்லை. பாக்ஸ்வுட் செடிக் கிளையைத்தான் மந்திரிப்பார்கள். சனவரி 6-ஐ ஒட்டிப் பிள்ளைகள் மூன்று ராஜாக்கள் வேடத்தில் வந்து, ஆண்டு எண்ணையும் மூன்று எழுத்தையும் நிலைக்கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி ஆசீர்வதித்துப் போவார்கள். அழிக்காதே, உண்டியலில் ஏதாவது போடு. கல்லறைத் திருநாளுக்கு இவர்கள் நவம்பர் 1 பிற்பகலே கல்லறைக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழ்ச் சனத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கெவலார். டச்சு எல்லைப் பக்கம் ஒரு சிற்றூர். 1642 முதல் அங்கே மாதா படம் இருக்கிறது, உள்ளங்கையளவு அச்சுப்படம்தான், நம் பிரார்த்தனையில் 'கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே' (துன்பப்படுகிறவர்களுக்கு ஆறுதலே) என்று சொல்வோமே, அந்தத் தாய். ஆகஸ்டில் தமிழர் திருயாத்திரை, பெரும்பாலும் ஈழத்து மக்கள், தமிழில் பூசை. வேலையில் சேர்ந்த உடனேயே அந்த நாளுக்கு லீவு எழுதிக் கொடு, கோடை லீவெல்லாம் பிள்ளை குட்டிக்காரர்கள் முதலில் எடுத்துவிடுவார்கள். நல்ல சேலை ஒன்றும், பழைய பாட்டுப் புத்தகத்தையும் பெட்டியில் வை.

அன்புடன்,
அக்கா