பிஸ்மத் புதிருக்கு விடை கிடைத்ததையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடு ஒன்று சோதனையில் பொய்த்துவிட்டது என்றால் அது செய்தியாகிறது. ஓராண்டு கழித்து அதற்கு விளக்கம் கிடைத்தால் பெரும்பாலும் ஒரு வரிகூட வருவதில்லை. எலக்ட்ரான்களைப் பெரிதும் இழந்த, பிஸ்மத் போன்ற கன உலோக அயனிகளின் காந்தப் பண்புகள் பற்றிய ஆய்வில் நடந்தது இதற்குத் தக்க சான்று என்பதால், சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

ஒளியும் மின்னூட்டத் துகள்களும் ஒன்றன்மீது ஒன்று வினைபுரிவதைக் கணக்கிடும் குவாண்டம் மின்னியக்கவியல், தனித்த எலக்ட்ரானின் காந்தத்தை வியக்கத்தக்க துல்லியத்தோடு முன்கூட்டியே சொல்கிறது. மிக வலிமையான மின்புலத்திலும் அது செல்லுபடியாகுமா என்று பார்க்க, கனமான அணுவொன்றின் எலக்ட்ரான்களை உரித்தெடுத்து ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறார்கள். உட்கருவுக்கு மிக அருகில் இருக்கும் அந்த எலக்ட்ரான் உணரும் புலம், ஆய்வகத்தில் பெறக்கூடிய மிக வலிமையான மின்புலங்களில் ஒன்று.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வு மையத்தில், பிஸ்மத்தின் 83 எலக்ட்ரான்களில் ஒன்றை மட்டும் கொண்ட அயனிகளையும் மூன்றைக் கொண்ட அயனிகளையும் சேமிப்பு வளையத்தில், ஒளியின் வேகத்தில் சுமார் 71 விழுக்காட்டில் ஓடவிட்டார்கள். எதிரே பாய்ச்சப்படும் சுமார் 590 நானோமீட்டர் லேசர், அந்த வேகத்தில் வரும் ஒற்றை எலக்ட்ரான் அயனிக்கு 244 நானோமீட்டர் புற ஊதா ஒளியாகப் படும். எலக்ட்ரானின் காந்தமும் உட்கருவின் காந்தமும் ஒரே திசையில் நிற்பதற்கும் எதிரெதிராக நிற்பதற்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு அந்த ஒளிக்குச் சரியாகப் பொருந்துகிறது. இருவகை அயனிகளின் அளவுகளையும் தக்க விகிதத்தில் கழித்தால், உட்கருவுக்குள் காந்தம் பரவியிருக்கும் விதம் தெளிவாகத் தெரியாததால் நேரும் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். இத்தனை கவனத்துக்குப் பிறகும், 2017இல் வெளியான முடிவு கோட்பாட்டிலிருந்து 7 திட்ட விலக்கங்களுக்கு (நிச்சயமின்மையை அளக்கும் அலகு) மேல் தள்ளி நின்றது. துகள் இயற்பியலில் 5 திட்ட விலக்கம் இருந்தாலே கண்டுபிடிப்பு என்று அறிவிப்பார்கள்.

கோளாறு கோட்பாட்டில் இல்லை. கணக்கில் இடப்பட்ட ஓர் எண்ணில் இருந்தது. பிஸ்மத் 209 உட்கருவின் காந்தத் திருப்புத்திறன், அதாவது காந்த வலிமை, 4.1106 உட்கரு மேக்னெட்டான் (அதை அளக்கும் அலகு) என அட்டவணைகளில் இருந்தது. பிஸ்மத் நைட்ரேட் கரைசலை வெளிக்காந்தப் புலத்தில் வைத்து, உட்கரு எந்த ரேடியோ அலைக்கு இசைகிறது என்று பார்க்கும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் பெற்ற மதிப்பு அது. கரைசலில் உட்கருவைச் சூழ்ந்துள்ள எலக்ட்ரான்கள் வெளிக்காந்தப் புலத்தை ஓரளவு மறைத்துவிடும். அந்த மறைப்புக்கான திருத்தம் பழைய கணக்கில் சரியாக அமையவில்லை. ஃபுளோரினோடு பிணைந்த பிஸ்மத்தைக் கொண்டு மீண்டும் அளந்து, மறைப்பையும் புதிதாகக் கணக்கிட்டவர்கள் 2018இல் 4.092 என்ற மதிப்பை வெளியிட்டார்கள். அரை விழுக்காட்டுக்கும் குறைந்த இந்த மாற்றத்திலேயே முரண்பாடு மறைந்தது. ஆனால் புதிய மதிப்புக்கு 0.002 அளவு பிழை வரம்பு உண்டு. அது குறையும்வரை இந்த அயனிகளைக் கொண்டு கோட்பாட்டைக் கூர்மையாகச் சோதிக்க முடியாது. என் பார்வையில், முரண்பாட்டைவிட வாசகர் அறிய வேண்டியது இதுவே.

உட்கருவின் காந்தமே குறுக்கிடாத வழியும் உண்டு. ஹைடல்பெர்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தார், தற்சுழற்சியற்ற உட்கருவைக் கொண்ட வெள்ளீயம் 118இன் அயனி ஒன்றை, ஒரே எலக்ட்ரானோடு காந்தப் பொறியில் பிடித்து வைத்து, அந்த எலக்ட்ரானின் காந்த வலிமையைக் குறிக்கும் ஜி காரணியை அளந்து 2023இல் வெளியிட்டார்கள். அளவீடும் கணக்கும் 1.910562 என்று ஆறு தசம இலக்கங்கள்வரை ஒத்திருந்தன.

கோட்பாட்டோடு ஒரு சோதனை முரண்படுவதாகச் செய்தி வெளியிடும்போது, ஒப்பீட்டில் பயன்பட்ட எண்கள் எங்கே, எந்த முறையில் பெறப்பட்டவை என்பதையும் இரண்டு வரிகளில் சேர்க்க வேண்டும். விளக்கம் கிடைத்த பின் அதே அறிவியல் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்