எங்கள் பாப்பாவுக்குக் கூட நின்றவர்களுக்கு

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாப்பாவின் தாய்மாமன் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர் நர்ஸம்மாவுக்கு. ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்த பிள்ளையின் தலையைப் பார்த்ததும் ஊசியை ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுத்தீர்கள். 48 சென்டிமீட்டர். உச்சிக்குழி புடைத்திருந்ததையும், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்ததையும் நீங்கள்தான் எங்களுக்குக் காட்டினீர்கள். அதுவரை வாந்திக்குப் பல் முளைக்கிறது என்றார் ஒரு டாக்டர். தொக்கம் எடுக்கச் சொன்னது தெரு. "இன்னைக்கே மதுரைக்குப் போங்க" என்று 108-க்கு நீங்களே போன் போட்டீர்கள்.

பெரியாஸ்பத்திரியில் உச்சிக்குழி வழியாகவே ஸ்கேன் பார்த்து, அப்புறம் மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளைத் தண்ணீர் சுரக்கிற இடத்திலேயே கட்டி. அதுவும் சேர்ந்து சுரந்து தள்ளியதில்தான் தலை பெருத்திருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "எட்டுக் கிலோ பிள்ளைக்கு மொத்த ரத்தமே 600 மில்லிச் சொச்சம்தான். இது ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டி. எனக்குப் பயமே ரத்தம் போறதுலதான்" என்றார். அந்தச் செய்தி கேட்டு ரத்த வங்கி வாசலில் வந்து நின்ற கோரிப்பாளையம் விடுதித் தம்பிகளே, உங்களில் பாதிப் பேருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. டீ வாங்கிக் கொடுக்கக்கூட விடவில்லை. உள்ளே சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து அந்த ரத்தத்தை ஏற்றிய மயக்க டாக்டரம்மாவுக்கும் கும்பிடு.

வார்டு சிஸ்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குத் தலை மழித்தபோது, குலசாமிக்கு இறக்க வேண்டிய முதல் முடி என்று எங்கள் அம்மா விசும்பினார். சிஸ்டர் ஒன்றும் பேசவில்லை. கீழே விழுந்ததை ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்து மருந்துக் கவரில் போட்டு, மேலே பாப்பா பேரையும் தேதியையும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கவரே போதும், இன்னொரு மொட்டை வேண்டாம் என்று பூசாரியும் சொல்லிவிட்டார்.

எடுத்த கட்டியைச் சோதித்து, கோராய்டு பிளெக்சஸ் பாப்பிலோமா, கிரேடு 1, அதாவது புற்றுநோய் இல்லாத சாதுக் கட்டி என்று எழுதிய டாக்டரை நாங்கள் பார்த்ததே இல்லை. முழுசாக எடுத்தாச்சு, கீமோ வேண்டாம் என்றார்கள். கரண்டு வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, மூன்று வயதுக்குள் கூடியவரை தவிர்ப்பார்களாம். எங்களுக்கு அந்தப் பேச்சே வரவில்லை. காப்பீட்டு அட்டைக்கு எங்களோடு அலைந்த பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கும் நன்றி.

தை மாதம் காதுகுத்து. அதற்கு முன்னால் ஒரு எம்ஆர்ஐ இருக்கிறது. அன்றைக்கே பத்திரிகையோடு வார்டுக்கு வருகிறேன். கிடா வெட்டு உண்டு. குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்.