கேத வீட்டில் விலை பேச வைக்காதீர்கள்: கடலோர ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் சாயல்குடி வரை உள்ள ஊர்த் தலைவர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குப் பேரவையினர் கவனத்துக்கு,

குழி வெட்டுவதும் சிதை அடுக்குவதும் ஃபிரீசர் பெட்டி வாடகைக்கு விடுவதும் எங்கள் தொழில். எங்கள் வருமானத்தைக் குறைக்கும் ஒன்றைத்தான் கேட்கிறோம். சாவு விழுந்த கேத வீட்டில் பெரும்பணம் போவது முதல் ஆறு மணி நேரத்தில்தான். அழுதுகொண்டிருப்பவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுவார். தேவையான பொருளை ஊரே வாங்கி வைத்தால் அந்தப் பேரத்துக்கே இடமிருக்காது.

முதலில் விறகு. சீமைக்கருவேலம் காடாய்க் கிடக்கும் மாவட்டம் நம் ராமநாதபுரம். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்த கட்டை கிடைக்காது. பச்சைக் கட்டை புகைந்துகொண்டே கிடக்கும். நடுராத்திரியில் மண்ணெண்ணெய்க்கு ஆள் ஓடும். சித்திரையில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். திறந்த சிதைக்கு 300 கிலோவுக்குமேல் பிடிக்கும். மண் பூசி மூடி எரிக்கும் மூட்டம் போட்டால் அதில் பாதிகூட வேண்டாம். கீழே கட்டை, அதன்மேல் வரட்டி, பிறகு உடல், மறுபடி வரட்டி, வைக்கோல், கடைசியில் மண் பூச்சு, புகை போக இரண்டு மூன்று துளை. பூச்சில்தான் கடற்கரை ஊர்கள் கோட்டைவிடுகின்றன. மணலைக் குழைத்துப் பூசினால் சூட்டில் உதிரும், வெப்பம் வெளியேறும், விடிந்தும் வேகாது. கண்மாயில் படியும் களிமண்ணான கரம்பையை ஒரு டிராக்டர் நடை அடித்துச் சுடுகாட்டோரம் கொட்டி வையுங்கள். வருஷத்துக்கும் காணும்.

புதைக்கும் ஊர்களில் சிக்கல் வேறு. முதல் நாளே வெட்டிய குழியில் மணல் காய்ந்து சரியும். அடக்கத்துக்குச் சற்று முன் வெட்டி, இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே கழியால் முட்டுக்கொடுக்க வேண்டும். பழைய வள்ளப் பலகை போதும். குழியின் விளிம்பில் கூட்டம் ஏறி நின்றால் முட்டும் நிற்காது. முஸ்லிம்களின் அடக்கத்தலமான மையவாடிகளில், குழியின் அடியில் ஒரு பக்கமாகக் குடையும் பக்கவாட்டு உட்குழி இந்த மணலில் தாங்காது. நடுக்குழி வெட்டி மேலே பலகை அடுக்குவதே சரி. மழைக்காலத்தில் ஊற்று வந்துவிட்டால் சவப்பெட்டி மிதக்கும். அடிப்பலகையில் நாலு துளை போட்டால் தண்ணீர் உள்ளே ஏறிப் பெட்டி அமரும். பாலிஷ் போட்ட தேக்குப் பெட்டிக்கும் அதே துளைதான்.

ஃபிரீசர் பெட்டியை ஊர்ப் பணத்தில் வாங்குவதென்றால் பிளக்கைப் பாருங்கள். உப்புக்காற்றில் முள் துருப்பிடித்துச் சூடேறும். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது, எர்த் கம்பி கட்டாயம். ஈரத்தரையில் நின்று பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுவார்கள், மறக்க வேண்டாம். உடலை வைக்கும் முன்பே ஓடவிட்டுக் குளிரேற்றுங்கள். வருகிறவருக்கெல்லாம் மூடியைத் திறந்தால் குளிர் நிற்காது.

கடலில் இறந்தவரையும் திடீர் மரணத்தையும் போலீசுக்குச் சொல்லாமல் குளிப்பாட்டவோ அடக்கவோ விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாவிட்டால் விபத்துக் காப்பீடு வராது. அரசு மருத்துவமனையில் இறந்தவரைக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு, 108 ஏற்றாது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றில் இடறும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: எரிப்பதா புதைப்பதா, கொள்ளி யார், வெடியும் பிளெக்ஸும் வேண்டுமா. வேண்டாம் என்று அவரே எழுதியிருந்தால் மகனை யாரும் கஞ்சன் என்று சொல்ல மாட்டார்கள். அதை ஆதார் நகலோடும் நலவாரிய அட்டையோடும் ஒரே உறையில் வையுங்கள்.

கடைசியாக, ஊர்ச் சாவடியில் ஒரு விலைப் பலகை. விறகு, பலகை, ஃபிரீசர் பெட்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரே விலை. எங்கள் கூலியையும் அதிலேயே எழுதுங்கள். ராத்திரி வேலைக்கும் மழை வேலைக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக.

இப்படிக்கு,
கேத வேலை பார்ப்போர்