பிட்டர்ரூட் காட்டில் எங்களுக்கு வேலை கொடுத்தவர்களுக்கு

மொன்டானா மாநிலத்தின் டார்பி ஊரிலிருக்கும் ரேஞ்சர் (வன அதிகாரி) அலுவலக நண்பர்களுக்கும், இந்தக் கோடையில் நாங்கள் பார்த்துக்கொண்ட சுற்றுலாக் கூடார முகாமில் எங்களுக்கு முன்பிருந்த பெரியவர்களுக்கும், வழியில் கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் நாலு வரிக்கு மேல் இடமில்லை. மீதியைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் யாரென்று எங்கள் சனங்களுக்கும் தெரியட்டும். "வீட்டை வித்துட்டு வண்டியில என்ன குடித்தனம்? மொன்டானா காட்டுல உங்களுக்கு யார் இருக்கா?" என்று கேட்ட என் நாத்தனாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பெயர் தெரியாத ஒருவருக்கு. ஐடஹோவிலிருந்து 93ஆம் நெடுஞ்சாலையில் லாஸ்ட் ட்ரெயில் கணவாய் ஏறிக்கொண்டிருந்தோம். அது 7,000 அடிக்கு மேலே. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் குடியிருக்கும் ஆர்வி வண்டி கொதித்து நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. பின்னால் வைக்கோல் ஏற்றி வந்த பிக்கப்பை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் இறங்கினார். எஞ்சின் ஆறும்வரை அதிகம் பேசாமல் கூடவே நின்றார். விரிசல் விட்ட ரப்பர் குழாயில் டேப் சுற்றினார், தன் கேனிலிருந்த தண்ணீரை ஊற்றினார், ஹாமில்டன் வரை எங்கள் பின்னாலேயே வந்தார். என் வீட்டுக்காரர் பெட்ரோலுக்கென்று பணத்தை நீட்டினார். அந்த மனிதர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஐயா, குழாயை மாற்றிவிட்டோம், வண்டி நன்றாக ஓடுகிறது.

அடுத்தது ரேஞ்சர் அலுவலகம். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: அமெரிக்க வனத்துறையின் முகாம்கள் பலவற்றில் கோடை முழுக்க ஒரு ஹோஸ்ட், அதாவது முகாமைப் பார்த்துக்கொள்பவர், தங்கியிருப்பார். எங்களைப் போன்ற தன்னார்வலர்களை வனத்துறை 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி சேர்த்துக்கொள்கிறது. சம்பளம் கிடையாது. எங்களுக்கு வண்டி நிறுத்த இடமும் தண்ணீரும் கரன்ட்டும் இலவசம். வேலையின்போது அடிபட்டால் அரசு ஊழியருக்கு உள்ள அதே இழப்பீடு உண்டு. பதிலுக்கு நாம் கழிப்பறை கழுவ வேண்டும், அடுப்புக்குழிச் சாம்பலை அள்ள வேண்டும், வந்தவர்களுக்கு வழி சொல்ல வேண்டும்.

ரேஞ்சர் அம்மா, நாங்கள் ரிட்டயரான நாளிலிருந்து பிள்ளைகள் முதல் டாக்டர் வரை எல்லாரும் "உட்காருங்கள்" என்றுதான் சொன்னார்கள். நீங்கள் மஞ்சள் சட்டையும் சாம்பல் அள்ளும் ஷவலும் ரேடியோவும் சாவிக்கொத்தும் கொடுத்தீர்கள். "தகராறு வந்தால் நடுவில் போகாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள், நீங்கள் போலீஸ் இல்லை" என்றீர்கள். அதை அப்படியே காப்பாற்றினீர்கள். ஆகஸ்டில் காட்டுத்தீ அபாயம் ஏறி இரண்டாம் கட்டக் கட்டுப்பாடு வந்தபோது, முகாம் அடுப்புக்குழியில்கூட விறகு மூட்டக்கூடாது என்று ஒவ்வொரு கூடாரமாகப் போய்ச் சொன்னோம். ஒருவர் எகிறினார். ரேடியோவில் கூப்பிட்டதும் நீங்களே வந்து, குரலை உயர்த்தாமல், 2000ஆம் ஆண்டில் இந்த ஒரு வனத்தில் மட்டும் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த கதையைச் சொன்னீர்கள். தூரத்து மலைச்சரிவில் இன்னும் நிற்கும் பட்ட மரங்களைக் காட்டினீர்கள். அவர் தானே போய்த் தண்ணீர் வாளியை எடுத்தார்.

எங்களுக்கு முன்பு ஹோஸ்டாக இருந்த பெரியவர்களுக்கு நான் பட்ட கடன் அதிகம். இருவரும் எண்பதை நெருங்குகிறவர்கள். கிளம்ப வேண்டியவர்கள் எங்களுக்காகத் தங்கி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். முகாமின் கழிப்பறையில் ஃப்ளஷ் கிடையாது; கீழே பெரிய தொட்டிதான். ஆனாலும் நாறாது. கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் கறுப்புக் குழாய் வெயிலில் சூடாகி, தொட்டியின் காற்றை மேலே இழுத்துவிடும். கதவையோ ஜன்னலையோ திறந்து போட்டால் அந்த இழுப்பு கெட்டுவிடும் என்று பாட்டி விளக்கியபோது, கணக்காளராக வேலை பார்த்த காலமெல்லாம் இப்படி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமலே இருந்தோமே என்று தோன்றியது. அடுப்புக்குழிப் பாடம் தாத்தாவுடையது. தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, பிறகு புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார். சூடு தெரிந்தால் வேலை முடியவில்லை. நீறு பூத்த நெருப்பைப் பேச்சில் கேட்டு வளர்ந்தவள் நான். முந்தின ராத்திரி அணைத்ததாகச் சொல்லிவிட்டுப் போன குழிகளில் அதைக் காலையில் நேரிலேயே பார்த்தேன்.

கழிப்பறைத் தொட்டியை உறிஞ்ச லாரி கொண்டுவரும் தம்பிக்கும் நன்றி. தொட்டியில் விழுந்து கிடக்கும் பீர் டின்களையும் டயப்பர்களையும் நீண்ட கொக்கியால் அவர் ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்த்த பிறகுதான், குப்பை போடாதீர்கள் என்று நான் ஒட்டிய தாளில் எழுத்தைப் பெரிதாக்கினேன். யாரும் நின்று நன்றி சொல்லாத வேலை அது. அதனால்தான் அவருக்கு முறுக்கு டப்பா இரண்டு.

கரடி விவகாரத்தில் என் சந்தேகங்களைப் பொறுத்துக்கொண்ட வனத்துறைப் பையனையும் விட்டுவிடக் கூடாது. சாப்பாட்டுச் சாமான் எதையும் வெளியே வைக்கக் கூடாது என்பது இங்கே உத்தரவு. புளிக்க வைத்த இட்லி மாவு அதில் சேருமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, முகர்ந்து பார்த்து, "நிச்சயமாகச் சேரும்" என்றான். அன்றிலிருந்து மாவு வண்டிக்குள்ளேயே புளித்தது.

மிசூலா ஊரிலிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குத் தனியாக ஒரு நன்றி. சக்கரத்தில் வீடு இருப்பவர்களுக்குத் தபால்தான் பெரிய தலைவலி. இவருடைய மாத்திரை, பென்ஷன் காகிதம் எல்லாவற்றையும் உங்கள் விலாசத்தில் வாங்கி வைத்து, கறிவேப்பிலையோடு காரில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். உங்கள் பெண் கோமோ ஏரியில் கால் நனைத்துவிட்டுக் குளிரில் போட்ட சத்தம் முகாம் முழுக்கக் கேட்டது. மிசூலாத் தம்பி, நீ அடுக்கிக் கொடுத்த விறகு செப்டம்பர் வரை வந்தது.

இப்போது லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. ஊசியிலை மரம் இலையுதிர்ப்பதை நம்பாத என் நாத்தனாருக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் அரிசோனா பக்கம் இறங்குகிறோம். மே மாதம் திரும்பி வருவதாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

சாவிக்கொத்தை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். ஷவல் கொட்டகையில் இருக்கிறது, கைப்பிடிக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறார் இவர். இரண்டாவது கழிப்பறைக் கதவின் கீல் தளர்ந்திருக்கிறது. பனி விழுவதற்குள் யாராவது முடுக்கிவிட்டால் நல்லது.

அன்புடன்,
முகாமின் வாசலில் பழைய வெள்ளை ஆர்வியோடு இருந்த இருவர்